நாலு மணிக்குள் ஓர் உறவு

எனக்கு வேலை தருவதாகச் சொன்ன செய்தியும், கல்லூரியில் நேர்முகத்துக்கு வரச் சொன்ன செய்தியும் ஒரே வாரத்தில் வந்தன. எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினாறு வயது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, விதுராவில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் வகுப்பு வாங்கியிருந்தேன். எங்கள் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எனக்கு முன் எந்தப் பெண்ணும் அவ்வளவு தூரம் போனதில்லை.

வேலை என்பது, கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் உதவியாளாக இருப்பது. நிரந்தர வேலை. கணக்கப்பிள்ளை அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "படிச்ச பொண்ணுன்னு மேலே சொல்லி வச்சிருக்கேன். செவ்வாக்கிழமை பதில் சொல்லிரணும், கேட்டியா? இல்லன்னா அடுத்த ஆளு ரெடியா நிக்குது."

கீழே நகரத்துப் பெண்கள் கல்லூரியில் நேர்முகம் திங்கட்கிழமை.

வெறும் வேலையாக இருந்தால் அம்மா ஒரே சொல்லில் வேண்டாம் என்றிருப்பாள். அதோடு வீடும் சேர்ந்திருந்தது. லயத்து வீடு எங்களுடையதல்ல. குடும்பத்தில் ஒருவராவது எஸ்டேட்டில் பேர் பதிந்து வேலை செய்யும்வரைதான் அங்கே இருக்கலாம். அம்மா இரண்டு வருடத்துக்கு முன் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து கூடை சுமக்க முடியாமல் நின்றுவிட்டாள். தொழிற்சாலையில் இலை வாட்டும் மாடியில் இருந்த அப்பாவுக்கு அந்த வருடக் கடைசியில் வயது முடிந்து பேர் நீங்கும். நான் ஒரே பிள்ளை. நான் கொட்டகை வேலைக்குப் போனால் வீடு நிற்கும். கல்லூரிக்குப் போனால் மார்கழியில் அவர்கள் இருவரும் சாமான்களை அள்ளிக்கொண்டு எங்காவது போகவேண்டும்.

இதை யாரும் என்னிடம் நேராகச் சொல்லவில்லை. அடுப்படியில் அவர்கள் பேசிக்கொண்டது பலகைத் தடுப்பைத் தாண்டி வந்தது.

"வீடு போனா போகட்டும்" என்றாள் அம்மா.

"போயி எங்க நிக்கது?"

"எங்கயோ நிக்கலாம். அவ பிள்ளையளுக்குக் குண்டி கழுவுறதுக்கா விடுதியில போட்டுப் படிக்க வச்சீங்க?"

அப்பா விறகை அடுப்புக்குள் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "திங்கக்கிழம போயிப் பாத்துட்டு வருவோம். பாக்கதுல என்ன" என்றார்.

அது சம்மதமா, தள்ளிப்போடுவதா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்கியிருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

திங்கட்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் மலையிறங்கினோம். இரவெல்லாம் பெய்த மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. பாதி இறக்கத்தில் ஒரு மரக்கிளை ரோட்டின் குறுக்கே கிடந்தது. ஆண்கள் எல்லாரும் இறங்கி அதை இழுத்துத் தள்ளினார்கள். அப்பா தனது ஒரே வெள்ளைச் சட்டையைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். திரும்பி ஏறும்போது காலில் இரண்டு அட்டைகள் ஒட்டியிருந்தன. பிய்த்து எறிந்துவிட்டு, ரத்தம் வேட்டியில் படாமல் காலைத் தூக்கிவைத்துக்கொண்டே விதுரா வரை வந்தார். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, பத்து மணிக்குள் போய்விடுமா என்று கண்டக்டரிடம் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்க வாயெடுத்தபோது அப்பா முறைத்தார்.

நான் கொட்டகையை நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றும் மோசமான வேலை அல்ல. குழந்தைகளை எனக்குப் பிடிக்கும். அம்மாவால் நகரத்தில் எப்படி வாழ முடியும், அப்பா அங்கே என்ன செய்வார் என்று ஒவ்வொன்றாக யோசிக்க, நெடுமங்காடு தாண்டுவதற்குள் வேலைக்கே போய்விடலாம் என்று முக்கால்வாசி முடிவுசெய்துவிட்டேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கல்லூரிக்குள் நுழைந்தபோது நேர்முகம் தொடங்கியிருந்தது. நீண்ட வராந்தாவில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட பாவாடைகளும் தாவணிகளுமாகப் பெண்கள். பக்கத்தில் கண்ணாடி போட்ட அப்பாமார்கள், கைப்பையோடு அம்மாமார்கள். எல்லாரும் மலையாளத்தில், அதுவும் ஆங்கிலம் கலந்து, தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஃபர்ஸ்ட் குரூப்பா, செகண்ட் குரூப்பா என்பதே பேச்சு. ப்ரீ டிகிரி என்ற அந்த இரண்டு வருடப் படிப்பில் கணக்கு எடுத்தால் எஞ்சினீயர், உயிரியல் எடுத்தால் டாக்டர் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் வழி தெரிந்திருந்தது. நான் செகண்ட் குரூப் கேட்டிருந்தேன். விதுரா பள்ளியில் உயிரியல் சொல்லித்தந்த டீச்சர் எழுதச் சொன்னதால் எழுதியது.

அம்மா பெஞ்சில் உட்காராமல் தூணோரம் தரையில் இடுப்பைப் பிடித்தபடி இறங்கினாள். "பெஞ்சுல இரும்மா" என்றேன். "இது போதும். எந்திரிக்கும்போது பிடிச்சுக்கோ" என்றாள். அப்பா உட்காரவே இல்லை. யாராவது கடந்து போனால் சுவரோடு ஒதுங்கி வழிவிட்டார்.

என்னை அழைத்தபோது வெயில் வராந்தாவின் படிவரை வந்திருந்தது. மூவரும் உள்ளே போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் பிரின்சிபால் அம்மாளும் இரண்டு டீச்சர்களும். பிரின்சிபால் என் மதிப்பெண்களைப் பார்த்தார். படித்த பள்ளியைப் பற்றிக் கேட்டார். என் மலையாளத்துக்கு அவர் முகத்தில் எந்தக் கேலியும் வராததே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. டாக்டராக ஆசையா என்றார். தெரியாது என்றேன். அம்மா என் முதுகில் விரலால் குத்தினாள்.

"சீட்டு உண்டு" என்றார் பிரின்சிபால்.

அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அடுத்தபடியாக அவர், "ஹாஸ்டல் நிறஞ்ஞு. ஒழிவில்லா" என்றார். விடுதி நிரம்பிவிட்டது, இடமில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம், இந்த வருடம் எங்கே தங்குவாள் என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"டெய்லி பஸ்ஸுல வரும்" என்றார் அப்பா.

"போனக்காட்டில் நின்னோ?" போனக்காட்டிலிருந்தா என்று கேட்டுப் பிரின்சிபால் பேனாவைக் கீழே வைத்தார். மழைக்காலத்தில் அந்த ரோட்டில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நகரத்தில் உறவினர் யார் இருக்கிறார்கள், அவர் நேரில் வந்து என் பொறுப்பை ஏற்றுக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். கல்லூரி விதி அது. எப்போதைக்குள் என்று அம்மா கேட்டாள். இன்றைக்கு நாலு மணிக்குள். காத்திருப்போர் வெளியே நிற்கிறார்கள், அவர்களையும் நாளைக்கு வா என்று அலைக்கழிக்க முடியாது. கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பெண்ணின் காகிதம் அதற்குள் மேசைக்கு வந்துவிட்டது.

வெளியே வந்து ஒரு மாமரத்தடியில் நின்றோம். நகரத்தில் எங்களுக்கு யாரும் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தது தம்பானூர் பஸ் ஸ்டாண்டும் ஜெனரல் ஆஸ்பத்திரியும்தான். எஸ்டேட்டுக்கு உரம் கொண்டுவரும் லாரிக்காரர் ஒருவர் சாலைக் கடைவீதிப் பக்கம் இருப்பதாகச் சொன்னார். வீடு எங்கே என்று தெரியாது. தெரிந்தாலும் அவர் உறவு ஆகமாட்டார்.

இப்போது சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

"அப்பா, நான் வேலைக்கே போறேன். எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். வீட்டில் வாய் திறக்காத மனிதர், போய்ப் பார்ப்போம் என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லாதவர். நான் சொன்னதும் அவருக்குப் பெரும் நிம்மதியாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் முகம் கறுத்தது.

"உனக்குப் பிடிக்கல. எனக்காகச் சொல்லுதே" என்றார். "அது எனக்கு வேண்டாம்."

அப்போதுதான் அம்மா சொன்னாள், மரத்தைப் பார்த்துச் சொல்வதுபோல: "தம்பானூர்ல உங்க தங்கச்சி இருக்கா."

எங்கள் வீட்டில் அத்தை என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. எனக்கு ஏழு வயதிருக்கும்போது, எங்கள் மலைக்கு பஸ் ஓட்டிவந்த டிரைவரோடு அத்தை போய்விட்டாள். அவர் மலையாளத்துக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அத்தையைத் தூக்கி வளர்த்தவர் அப்பா. தாய் தகப்பன் போனபிறகு அவளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக் கொழுந்து பறிக்க அனுப்பியதும் அவர்தான். அவள் போன மறுநாள் லயத்து ஆட்கள் எல்லாரும் பார்க்க, ஓடையில் இறங்கித் தலை முழுகினார். எனக்குத் தங்கச்சி செத்துப்போனாள் என்றார். அந்த டிரைவரும் அதோடு வேறு ரூட்டுக்கு மாறிப்போனார். அத்தை எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது என்றே நான் நினைத்திருந்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"தெரியும். மருந்து வாங்க விதுராவுக்குப் போகும்போது பாப்பேன். அவ வருவா."

"எத்தன நாளா?"

"அத இப்ப பேசணுமா? மணி ஆகுது" என்றாள் அம்மா. பார்வையைத் தாழ்த்தவில்லை.

அப்பா மரத்தைவிட்டு நகர்ந்து, மதில்வரை போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். கல்லூரி மணி அடித்தது. பெண்கள் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு எங்களைக் கடந்து போனார்கள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், அது சில்லென்று இருந்தது. அப்பா திரும்பி வந்தார். அம்மாவைப் பார்க்காமல் என்னிடம், "வா" என்றார்.

ஆட்டோவில் ஏறும் எண்ணம் எங்கள் யாருக்கும் வரவில்லை. நடந்தோம். அப்பா முன்னால் வேகமாகப் போவார். அம்மாவால் அந்த நடை முடியாது. ஒரு காலை இழுத்து இழுத்து வருவாள். அவர் திரும்பிப் பார்க்காமலே ஏதாவது கடை வாசலில் நிற்பார். நாங்கள் நெருங்கியதும் மறுபடி நடப்பார். தம்பானூர் வரை இப்படியே போனோம்.

அத்தை வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், அவள் ஒரு லாட்ஜில் சமையலுக்கு நிற்கிறாள் என்று வழி சொன்னாள். மறுபடி நடந்தோம். லாட்ஜின் பின்பக்கம், புகை படிந்த ஒரு முற்றத்தில், நாலைந்து பெண்கள் குந்தி உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். ஏழு வயதில் பார்த்த முகம்தான், கொஞ்சம் சதை போட்டிருந்தது. முதலில் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கப் போனாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த மீனின் செதிலை முழுக்கச் சுரண்டி, சட்டியில் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

"என்ன மைனி, யாருக்கும் மேலுக்கு ஆகலியா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா விவரம் சொன்னாள். அத்தை கேட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்பா ஓரமாக, விறகு அடுக்கின் பக்கம் பார்த்தபடி நின்றார்.

"செத்தவ எப்படிக் கையெழுத்துப் போடுவா மைனி?" என்றாள் அத்தை. சாதாரணமாகத்தான் கேட்டாள். முற்றத்தில் மீன் ஆய்ந்த பெண்களின் கைகள் நின்றுவிட்டன.

"அதெல்லாம் பேச நேரம் இல்ல புள்ள" என்றாள் அம்மா.

"எனக்கு நேரம் இருக்கு. ஒம்பது வருசமா இருக்கு." அத்தை அப்பாவின் முன்னால் போய் நின்றாள். "நீ கேளு அண்ணே. மைனி கேக்க வேண்டாம்."

அப்பாவின் தாடை அசைந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவர் திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். போய்விட்டால் நல்லது என்றும் ஒரு கணம் நினைத்தேன். அவரை அப்படி நிற்கவைத்துப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"பிள்ளைக்குச் சீட்டு கிடைச்சிருக்கு" என்றார். "நீ வந்து ஒப்பு இடணும்."

"இட்டா, எங்க வீட்டுலதான நிக்கும்?"

"ஆமா."

"பாக்க வருவியா?"

"வருவேன்."

"சந்துல நின்னு கூப்பிட்டுப் பாத்துட்டுப் போறதா இருந்தா வேண்டாம். உள்ள வரணும். அவருகிட்டப் பேசணும். மூஞ்சியப் பாத்துப் பேசணும். அந்த மனுசன் உன்ன ஒரு வார்த்த குத்தம் சொன்னதில்ல, கேட்டோ."

லாட்ஜுக்குள்ளிருந்து யாரோ, மீன் என்னாயிற்று என்று சத்தம் போட்டார்கள். அத்தை அசையவில்லை. அப்பா விறகையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இப்போதும் அந்த விறகு அடுக்கு கண்ணில் நிற்கிறது. ரப்பர் விறகு, பால் காய்ந்து கறுப்பாகக் கோடு கோடாக இருந்தது.

"பேசுதேன்" என்றார்.

அத்தை என் பக்கம் திரும்பினாள். "மோளே, நீயாத்தான் படிக்கணும்னு சொல்லுதியா? இவங்க சொல்லியா?"

மாமரத்தடியில் சொன்ன பொய்யை இவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "நானாத்தான் அத்தை" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. கூடவே வீடு போய்விட்டது என்பதும் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

"அழுதா மணி நிக்காது" என்று சொல்லி அவள் உள்ளே போனாள். சாப்பாட்டு நேரம் முடியாமல் விடமாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். நாங்கள் முற்றத்தில் காத்திருந்தோம். தட்டுகள் மோதும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. அம்மா யாரிடமோ மணி கேட்டாள், அவன் சொன்னதைக் கேட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியில் அத்தை சேலையை மாற்றாமலே, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்து, "ஆட்டோ பிடி அண்ணே, மைனிக்கு நடக்க முடியாது" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஆட்டோவில் ஏறினேன். நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்ததில் அப்பாவும் அத்தையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

வராந்தாவில் பெஞ்சுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரின்சிபால் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண்ணும் அவள் தகப்பனாரும் நின்றார்கள், காத்திருந்தவர்கள். அத்தை கதவைத் தட்டாமலே நுழைந்துவிட்டாள். பிரின்சிபால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலாக இன்னும் சில நிமிடம் இருந்தது. அந்தத் தகப்பனார் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மகளின் தோளைத் தொட்டு வெளியே அழைத்துப்போனார். அந்தப் பெண் என்னைவிடக் குட்டையாக, இரட்டைச் சடை போட்டிருந்தாள். நான் ஜெயித்த நேரம் அவள் தோற்ற நேரமாக இருந்தது.

குட்டி நிங்களுடெ ஆரா என்று பிரின்சிபால் கேட்டார், பெண் உங்களுக்கு என்ன வேண்டும் என்று. "என்றெ சேட்டன்றெ மோளா" என்றாள் அத்தை. அண்ணன் மகள். பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் தன் பெயரை எழுதினாள். கை மீன்வாடை அடித்தது. ஒரு டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அப்பா கணக்கப்பிள்ளையிடம் போய் வேண்டாம் என்று சொன்னார். மார்கழியில் வீட்டைக் காலி செய்தார்கள். அத்தை வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி ஓர் அறை கிடைத்தது. அதில் மூன்று பேர் படுக்க இடமில்லை, நான் அத்தை வீட்டிலேயே இருந்தேன். அப்பா ஒரு லாட்ஜில் காவலுக்கு நின்றார். அம்மா அந்த அறையின் புழுக்கத்தில் இரவெல்லாம் விசிறிக்கொண்டே இருப்பாள். மலையை விட்டு வந்ததைப் பற்றி அவள் ஒருநாளும் குறைபட்டுப் பேசியதில்லை, ஆனால் மழை வந்தால் எழுந்து வாசலில் போய் நின்றுவிடுவாள்.

அத்தை வீட்டில் இருந்த இரண்டு வருடமும் சுகமாக இருந்தன என்று சொல்லமாட்டேன். அவள் கண்டிப்பானவள். கல்லூரியிலிருந்து கொஞ்சம் தாமதமானாலும் சந்து முனையில் வந்து நிற்பாள். ஒருதடவை, கூடப் படித்தவளின் அண்ணன் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் பேசியதைப் பார்த்துவிட்டு, இனிப் பேசக்கூடாது என்று சொல்லி ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. "நீயே இப்படிச் சொல்லலாமா அத்தை" என்று கேட்டுவிட்டேன். "நான்தான் சொல்லணும்" என்றாள். மாமா, அந்த டிரைவர், சாந்தமானவர். அப்பா சொன்னபடி உள்ளே வந்து உட்கார்ந்து அவரோடு பேசினார். பேச்சு எல்லாம் பஸ்ஸைப் பற்றித்தான். எந்த ரூட்டில் ரோடு கெட்டுக் கிடக்கிறது, எந்த வண்டிக்கு பிரேக் சரியில்லை. அதைத் தாண்டி அவர்கள் போனதாக எனக்கு நினைவில்லை. அத்தையும் அப்பாவும் பழைய அண்ணன் தங்கையாக ஆகவும் இல்லை. எங்கள் பிழைப்புக்காக அவர் இறங்கிவந்தார், அவள் ஏற்றுக்கொண்டாள். அந்த ஓடையைப் பற்றி இருவரும் கடைசிவரை பேசவில்லை.

ப்ரீ டிகிரியில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு மெடிக்கல் கிடைக்கவில்லை. முடிவு வந்த அன்று அம்மா சாப்பிடவில்லை. பி.எஸ்ஸி. சேரலாம், அல்லது ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கும் டெக்னீஷியன் படிப்புக்குப் போகலாம் என்று இரண்டு வழி இருந்தது. ஒன்றில் மூன்று வருடம், அப்புறமும் என்ன என்று தெரியாது. மற்றதில் சீக்கிரம் வேலை. அப்பாவின் இருமல் அப்போது கூடியிருந்தது. நான் லேபுக்குப் போகிறேன் என்றேன். அப்பா என்னை அதே மாதிரி, மாமரத்தடியில் பார்த்த மாதிரி பார்த்தார்.

"எனக்காகவா?"

"பாதி உங்களுக்காகத்தான்" என்றேன். "பாதி எனக்கு."

அவர் யோசித்தார். "பாதின்னா சரி" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அவரையே உட்காரவைத்து விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். தேயிலைக் கறை நீங்காத அந்த விரலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன தெரிகிறது என்று கேட்டார்.